கூலியோடு வந்த கூரை



சில ஆண்டுகளுக்கு முன்னர், விடாது மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதிலே, நான் அதிபராகப் பணியாற்றும் பாடசாலைக்கு ஒரு மூதாட்டியார் வந்தார். சப்பிரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டமொன்றிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால் வெட்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய பேரன் எங்கள் பாடசாலையிலே எட்டாம் வகுப்பு மாணவன். முந்தானையிலே முடிந்து வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து என் மேசைமீது வைத்து, “ஐயா, இந்தக் கடுதாசியில என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

கடிதம் ஆங்கிலத்திலே இருந்தது. அவர் குடியிருக்கும் லயத்து அறையை ஒரு மாத காலத்துக்குள் காலிசெய்து கொடுத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். அவருடைய மகன் தோட்ட வேலையை விட்டுக் கொழும்புக்குப் போய்விட்டபடியால், அந்த அறையிலே தோட்டத்தில் வேலை செய்வார் எவருமிலர் என்று அதிலே காரணமும் காட்டப்பட்டிருந்தது.

நான் வாசித்துப் பொருள் சொன்னேன். பிறகு, “பாட்டி, அறை தோட்டத்துக்குச் சொந்தம். கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்? மகள் வீட்டுக்குப் போய்விடுங்கள்” என்றும் சொன்னேன். அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை மீண்டும் முந்தானையிலே முடிந்துகொண்டு மழையிலே இறங்கி நடந்தார்.

நேயர்களே, நான் கலைப் பட்டதாரி, வரலாறு கற்பித்தவன். ஆயினும் அன்று நான் கூறிய அறிவுரை தவறானது. அது தவறென்பதைப் பின்னரே, நம் மாகாணத்து வரலாற்றைத் தேடிப் படித்தபோது அறிந்துகொண்டேன். அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

வறியவர் ஒருவர் முதுமைக் காலத்திலே தங்குவதற்கு ஒரு கூரை வேண்டும். அக்கூரை இரு வகையாலே அவருக்குக் கிடைக்கக்கூடும். ஒன்று பிறருடைய தயவு, மற்றொன்று சட்டம். தயவாலே கிடைத்த கூரை, தயவு மாறும்போது போய்விடும். சட்டத்தாலே கிடைத்த கூரையைப் பறிக்க விரும்புவோர் முதலிலே நீதிமன்றத்தின் வாயிலை மிதித்தாக வேண்டும். இந்த வேற்றுமை எத்துணை பெரியது என்பதைச் சப்பிரகமுவத் தோட்டங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

கடந்த நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளிலே இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைச்சாரல்களில் இறப்பர் மரங்கள் பெருந்தொகையாக நடப்பட்டன. தேயிலை அதற்கு முன்னரே அங்கே வேரூன்றியிருந்தது. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப் பாதை 1902இலே அவிசாவளையையும், 1903இலே எட்டியாந்தோட்டையையும், 1912இலே இரத்தினபுரியையும் எட்டியது. திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட மக்கள் காடு வெட்டினர், கான் வெட்டினர், கன்று நட்டனர். அவர்களுக்கு நாட்கூலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதே லயத்து அறை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அந்த அறைக்கு வாடகை இல்லை. வாடகை இல்லாதது ஒரு சலுகை போலத் தோன்றும். ஆனால், வாடகை கொடுப்பவன் குடியிருப்பாளன் என்ற பெயரைப் பெறுகின்றான்; சட்டம் அவனை அவ்வாறு அறிகின்றது. நகரங்களிலே வாடகைக்குக் குடியிருந்தோரைக் காக்க 1948ஆம் ஆண்டிலே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. லயத்து அறையிலே இருந்தவரோ வேலைக்காகத் தங்க அனுமதிக்கப்பட்டவர். வேலை முடிந்தால் அனுமதியும் முடிந்தது. நாற்பது ஆண்டு ஒரே அடுப்பிலே சோறு சமைத்தாலும், ஐந்து பிள்ளைகளை அதே சுவரோரத்திலே பெற்றெடுத்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அஃது அவர் வீடு அன்று, துரைமாருடைய கட்டடமே.

வேலையை விட்டு வெளியேறும் உரிமையாவது அம்மக்களுக்கு இருந்ததோ எனின், நெடுங்காலம் அதுவும் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிய முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கும் தொழிலாளி சிறைத் தண்டனைக்கு உரியவன் ஆனான். அதனோடு துண்டு முறையும் இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டுச் சீட்டு ஒன்று, அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு விற்பனைப் பண்டம் போல மாற்றிற்று. அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மூப்படைந்தவர் கதி அக்காலத்திலே என்னவாயிருந்தது? ஊருக்கு அனுப்பிவிடலாம் என்பதே பொதுவான எண்ணம். நோயாலும் மூப்பாலும் உழைக்க முடியாதவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடுகளும் இருந்தன. தொடக்கத்திலே வந்தவர்களுக்கு அங்கே உற்றார் இருந்திருக்கக்கூடும். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே தந்தையையும் தாயையும் புதைத்த தலைமுறைக்கு எது ஊர்? எட்டியாந்தோட்டையிலே பிறந்து எழுபது வயதான ஒருவரை எந்தப் புகைவண்டியில் ஏற்றி எந்த நிலையத்தில் இறக்குவது? இந்தக் கேள்வி ஒரு நாள் நீதிமன்றத்துக்கு வந்தே தீரவேண்டியிருந்தது. அது வந்த இடம் கேகாலை மாவட்டமே.

கேகாலை மாவட்டத்திலே நேவ்ஸ்மியர் என்னும் இறப்பர்த் தோட்டம் ஒன்று இருந்தது. காணியற்ற கிராமத்து மக்களுக்குப் பகிர்ந்தளிக்கும் நோக்கத்தோடு அரசாங்கம் அந்தத் தோட்டத்தைக் கையேற்றது. அந்நோக்கத்தை நாம் குறைகூற வேண்டுவதில்லை. தோட்டங்கள் பெருகியதால் சிங்களக் கிராமங்கள் நெருக்குண்டு நின்றமையும், ஏழை உழவர்களுக்குக் காணி வேண்டியிருந்தமையும் உண்மை. ஆனால் ஓர் ஏழைக்குக் காணி கொடுப்பதற்காக மற்றோர் ஏழையின் கூரையை எடுக்க வேண்டியதாயிற்று. தோட்டத்திலே வாழ்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வேலை நிறுத்தப்பட்டது. 1946ஆம் ஆண்டிலே அவர்கள் லயங்களை விட்டு வெளியேற வேண்டுமென்று அறிவித்தல் கொடுக்கப்பட்டது.

அவர்கள் வெளியேறவில்லை. கூட்டமாகத் திரண்டு தாக்கவுமில்லை, பொருள்களை அழிக்கவுமில்லை. அவரவர் அறையிலே அவரவர் இருந்தனர். அவ்வளவே அவர்கள் செய்த போராட்டம். அவர்களுக்கு ஆதரவாக இலங்கை இந்தியர் காங்கிரசின் அழைப்பை ஏற்று, 1946 ஜூன் மாதத்திலே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். ஏறக்குறைய மூன்று வாரம் அந்த வேலை நிறுத்தம் நீடித்தது. சம்பள உயர்வுக்காக நடந்த வேலை நிறுத்தங்களை நாம் அறிவோம். பிறர் குடியிருக்கும் அறைக்காகத் தம் கூலியை இழந்து நின்ற இவ்வேலை நிறுத்தம் தனிச் சிறப்புடையது.

இதற்கிடையிலே, வெளியேற மறுத்தவர்கள்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. எக்குற்றத்துக்காக? பிறர் நிலத்தில் அத்துமீறி இருந்த குற்றத்துக்காக. நேயர்களே, இவ்விடத்திலே சற்று நின்று பாருங்கள். 1865ஆம் ஆண்டிலே தோட்டத்தை விட்டுப் போவது குற்றம் என்றது சட்டம். 1946ஆம் ஆண்டிலே தோட்டத்தை விட்டுப் போகாதிருப்பது குற்றம் என்றது. எண்பத்தோர் ஆண்டுகளுக்குள் குற்றத்தின் திசை முற்றிலும் மாறிவிட்டது. குற்றவாளி மட்டும் மாறவில்லை.

தொழிலாளர் குற்றவாளிகள் என்றே இலங்கையிலே தீர்ப்பாயிற்று. அவர்களுள் ஒருவராகிய செல்வநாயகம் என்பவரின் வழக்கு மேன்முறையீடாக இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை, அதாவது பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. அக்காலத்திலே அதுவே நமது நாட்டின் இறுதி நீதிமன்றம். தந்தை செல்வநாயகம் என்று போற்றப்படும் அரசியல் தலைவர் வேறு. இவர் லயத்து அறையில் வாழ்ந்த ஒரு தொழிலாளி. மன்னரை எதிர்த்து ஒரு தோட்டத் தொழிலாளி நடத்திய வழக்கு என்று அது சட்டப் புத்தகங்களிலே இன்றும் பெயர் பெற்று நிற்கின்றது.

1950ஆம் ஆண்டிலே தீர்ப்பு வந்தது. அதன் சாரம் இதுவே. தண்டனைச் சட்டக்கோவையின்படி அத்துமீறல் குற்றமாக வேண்டுமாயின், நிலத்தை உடையவரைத் தொந்தரவு செய்யவோ, அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, வேறொரு குற்றம் புரியவோ வேண்டுமென்ற எண்ணம் இருத்தல் வேண்டும். அவ்வெண்ணமே ஒருவருடைய முதன்மையான நோக்கமாக இருத்தலும் வேண்டும். ஒருவர் தமக்கு உரிமை உண்டென்று நேர்மையாக நம்பி ஓரிடத்தில் இருப்பாராயின், அந்நம்பிக்கை சட்டப்படி பிழையானதாக இருப்பினும், அதனாலே உடைமையாளருக்குத் தொந்தரவு விளையும் என்பது தெரிந்ததாக இருப்பினும், அவர் குற்றவாளி ஆகார். இந்தத் தொழிலாளியின் எண்ணம் எவரையும் தொந்தரவு செய்வதன்று. தாம் வாழ்ந்துவந்த இடத்திலே தொடர்ந்து வாழ்வதே. ஆதலின் அவர்மீது குற்றமில்லை. இவ்வாறு கூறித் தண்டனையை நீக்கினர்.

இத்தீர்ப்பின் பெருமையை மிகைப்படுத்துதல் ஆகாது. அந்த அறை தொழிலாளிக்கே சொந்தம் என்று அது கூறவில்லை. அங்கே இருக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் கூறவில்லை. அங்கே இருப்பதனால் மட்டும் அவர் குற்றவாளி அல்லர் என்றே கூறிற்று. எனினும் பொலிசாரையும் சிறைச்சாலையையும் காட்டி ஓர் ஏழையை அவர் அடுப்படியிலிருந்து எழுப்ப முடியாது என்பது அதனாலே நிலைபெற்றது. வெளியேற்ற விரும்புபவர் தமது உரிமையை வேறு வழியிலே, நீதிபதியின் முன்னிலையிலே, நாட்டிக்கொள்ள வேண்டியவரானார்.

ஆனால், அந்தத் தீர்ப்பு வருமுன்னரே வேறொரு பெரிய கூரை அம்மக்கள் தலைமேலிருந்து நீங்கிவிட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினாலே மலைநாட்டுத் தமிழ் மக்களுள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பற்றிப் பேசிற்று. அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று கணக்கிட்டனர். அந்தக் கணக்கினுள்ளே முதியவர் எத்தனை பேர் பிள்ளைகளைப் பிரிந்து கப்பலேறினர், எத்தனை பேர் பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டுத் தனித்து நின்றனர் என்பதைத் தோட்டங்களிலே வாழ்ந்தவர் அறிவர். நாடற்றவராய் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது.

வேலையோடு வீடு கட்டுண்டிருக்கும் துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே பண்ணைத் தொழிலாளர் பண்ணையாருடைய குடிலிலே வாழ்ந்தனர். வேலை போனாலும், முதுமை வந்தாலும், கணவன் இறந்தாலும் குடில் போய்விடும். தொழிற்புரட்சிக்கும் பாராளுமன்ற ஆட்சிக்கும் தாயகமாகிய அந்நாட்டிலேயே, பண்ணைக் குடிலில் வாழ்ந்தோருக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் உறுதியான குடியிருப்புப் பாதுகாப்புத் தரும் சட்டம் 1976ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று.

நம் நாட்டிலே அதற்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே ஒரு சட்டம் வந்துவிட்டது. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புக்கள் பற்றிய விசேட ஏற்பாட்டுச் சட்டமே அது. தோட்டத்திலே வேலை செய்து, வேலை முடிவுற்ற பின்னும் தோட்டக் குடியிருப்பிலே வாழ்வோரை நீதிமன்றத்தின் கட்டளையின்றி வெளியேற்றுதல் ஆகாது என்பதே அதன் உயிரான கருத்து. தோட்ட நிருவாகம் எழுதும் கடிதம் ஒரு கடிதமே. நீதிமன்றக் கட்டளை அன்று. நேவ்ஸ்மியர்த் தொழிலாளர் வெளியேறாதிருந்து கேட்ட கேள்விக்கு இருபத்தைந்து ஆண்டுகளின் பின் பாராளுமன்றம் தந்த விடையாகவே அச்சட்டத்தை நான் கருதுகின்றேன்.

சட்டம் வந்தபின் எல்லாம் நலமாயிற்றோ எனின், அவ்வாறு கூறுதற்கில்லை. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992ஆம் ஆண்டிலே அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. இடையிலே 1977ஆம் ஆண்டிலும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. 1981இலே இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலே லயங்கள் தாக்கப்பட்டன. அங்கே அறிவித்தலுமில்லை, வழக்குமில்லை, தீயே கட்டளையாயிற்று. உயிர் தப்பியோருள் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறினர். 2016 மே மாதத்திலே புளத்கொஹுபிட்டியவிலே மலைச்சரிவு லயத்து மக்களை மண்ணுள் புதைத்தது. சட்டம் தரும் பாதுகாப்பு அறையிலே இருப்பதற்கானது. அறை பாதுகாப்பாக இருப்பதற்கு வேறு முயற்சி வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இனி, முதியோருக்கென்றே இயற்றப்பட்ட சட்டத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் அது. அறுபது வயதைக் கடந்தவரை அது முதியோர் என்கின்றது. முதியோருக்கான தேசிய சபையை நிறுவிற்று. பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணித்தல் ஆகாது என்று விதித்தது. தம்மைத் தாமே பேண முடியாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பெறுவதற்காகப் பராமரிப்புச் சபையிலே முறையிட வழி செய்தது. பிள்ளையற்றவராயும் பிள்ளைகளாற் கைவிடப்பட்டவராயும் உள்ள வறிய முதியோருக்கு உறைவிடம் அளித்தல் அரசின் கடமை என்றது. முதியோர் இல்லங்களை நடத்துவோர் பதிவு பெற்றே நடத்துதல் வேண்டும் என்றும் அது வகுத்தது. இவ்வகையிலே, முன்னர் தருமம் என்று கருதப்பட்டது உரிமை என்ற பெயரைப் பெற்றது. இந்தியாவிலும் இதனையொத்த சட்டம் 2007ஆம் ஆண்டிலே வந்தது.

ஆனால் இல்லத்தில் இடம் பெறும் உரிமை ஒன்று. இல்லத்திலிருந்து வெளியேற்றப்படாதிருக்கும் உரிமை வேறொன்று. அமெரிக்க நாட்டிலே 1987ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் இதனை நன்கு உணர்ந்தது. அரச உதவிப் பணத்தைப் பெறும் பராமரிப்பு இல்லம், தன்னிடத்துள்ள முதியவரைக் குறிப்பிட்ட சில காரணங்களுக்காகவன்றி வெளியேற்றுதல் ஆகாது. பொதுவாக முப்பது நாள் முன்னறிவித்தல் தருதல் வேண்டும். முதியவர் அதை எதிர்த்து முறையிடலாம் என்று அது விதித்தது. செல்வம் மிக்க அந்நாட்டிலும், வறிய முதியவரின் கட்டில் வேறொருவருக்கு வேண்டப்படும்போது அவரை எழுப்பிவிடும் ஆசை பிறக்கத்தான் செய்தது. எழுப்புவதற்கு முன் காரணம் காட்டு என்று சட்டம் இடையிலே நின்றது.

நம் தோட்டங்களிலே ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடையும் உண்டு. இவை உரிமையாகக் கிடைப்பவை. ஆயினும் அப்பணம் பெரும்பாலும் பிள்ளையின் கலியாணத்திலும் பட்ட கடனிலும் கரைந்துவிடுகின்றது. பின்னர் எஞ்சுவது அந்த லயத்து அறை ஒன்றே. முதியோர் இல்லம் என்பது தொலைவிலே, அறிமுகமற்ற மக்களிடையே, சில வேளைகளிலே அறிமுகமற்ற மொழியிலே இருப்பது. தோட்டத்து முதியவருக்குத் தமது லயமே முதியோர் இல்லம். பக்கத்து அறைக்காரி கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். காமன் கூத்துக்கும் தீபாவளிக்கும் பிள்ளைகள் வந்து காலில் விழுவார்கள். இறந்தால் தூக்கிச் செல்ல நான்கு பேர் இருப்பார்கள். அந்த அறையை இழப்பது இத்தனையையும் இழப்பதாகும்.

என்னிடம் வந்த மூதாட்டியாரின் கதையை முடிக்க வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தறிந்த பின்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் தோட்டத்துக்குச் சென்றேன். அந்த அறையிலே வேறொரு குடும்பம் இருந்தது. மூதாட்டியார் என் சொற்படியே மகள் வீட்டுக்குச் சென்றுவிட்டார் என்றனர். எவரும் அவரை இழுத்து வெளியே விடவில்லை. நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தேவையும் எவருக்கும் ஏற்படவில்லை. படித்தவர் ஒருவர் சொன்னார் என்று அவராகவே பானை சட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நேவ்ஸ்மியரிலே எழுத்தறியாதவர்களும் காத்து நின்ற ஒன்றை, எழுத்தறிந்த நான் ஒரு வாக்கியத்திலே கைவிட்டேன்.

ஆதலின் ஆசிரியர்களுக்கும், தோட்டங்களிலே கடிதம் வாசித்துச் சொல்லும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அத்தகைய கடிதம் உங்கள் கைக்கு வருமாயின், பொருளைச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். இது நீதிமன்றக் கட்டளை அன்று என்பதையும் சொல்லுங்கள். எதிலும் கையொப்பமிடவோ கைந்நாட்டு வைக்கவோ அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலைப் பதிவு, சேமலாப நிதிச் சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்கச் செய்யுங்கள். வறியவருக்குக் கட்டணமின்றி வழக்குரைக்கும் சட்ட உதவி ஆணைக்குழு இந்நாட்டிலே உண்டு. பிரதேச செயலகங்களிலே முதியோர் உரிமைகளுக்கென உத்தியோகத்தர் உளர். தொழிற்சங்கமும் தொழில் அலுவலகமும் உள. அங்கே அவரோடு கூடவே செல்லுங்கள், தனியாக அனுப்பிவிடாதீர்கள்.

சட்டம் புத்தகத்திலே உறங்கும்வரை அது எவருக்கும் கூரை ஆகாது. அதை அறிந்த ஒருவர் உரிய நாளிலே எடுத்துச் சொல்லும்போதே அது மழைக்குக் குறுக்கே நிற்கின்றது.